முதல் டப்பா இலவசம்

நொச்சிவலசில் ஒருவர் உடம்புச் சதை இன்னொருவர் உடம்புக்குக் குடிபெயர்ந்த அந்த மாசி மாதத்தில் மஞ்சள் விலை படுத்துவிட்டிருந்ததால், ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் மஞ்சள் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சதையைப் பற்றிப் பேச யாருக்கும் ஒழியவில்லை. விலை கொஞ்சம் தேறி, மனிதர்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தபோதுதான், இட்லிக் கடைக்காரரின் முழங்கை இருந்த இடத்தில் அவருடைய முழங்கை இல்லை என்பதும், கூட்டுறவு வங்கிக் குமாஸ்தாவுக்கு அவருக்குச் சம்பந்தமே இல்லாத கெண்டைக்கால் வந்திருப்பதும் தெரிந்தது. அப்போதும் யாரும் அலறவில்லை. "அட, இப்பிடியும் ஆகுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு மண்டிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு டப்பா. டப்பாவைவிடப் பெரிய காரணம் அந்த ஊரின் பழக்கம் ஒன்று. துணிக்கடையில் கேட்டாலும் நகைக்கடையில் கேட்டாலும், பொருட்காட்சியில் குலுக்கல் பெட்டிக்குள் சீட்டுப் போடச் சொன்னாலும், நொச்சிவலசுக்காரர்கள் தங்கள் செல் நம்பரைச் சொல்லவேமாட்டார்கள். அடுத்தவர் நம்பரைத்தான் சொல்வார்கள். மருமகள் மாமியார் நம்பரைச் சொல்வாள், குமாஸ்தா மேனேஜர் நம்பரைச் சொல்வார், பிடிக்காத பங்காளியின் நம்பரை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்க நச்சரிக்கிற அழைப்புகள் அந்த அடுத்தவருக்குப் போய்த் தொலையட்டும் என்பதுதான் கணக்கு. எல்லோரும் இதையே செய்ததால் எல்லோருக்கும் நச்சரிப்பு வந்தது. ஆகவே தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்த எடுப்பிலேயே துண்டித்துவிடுவதும் ஊர் வழக்கமாயிற்று. இதைத் தப்பென்று ஒருவரும் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் கால் கழுவுகிற மாதிரி, அவ்வளவுதான்.

உரக்கடையில் பில் போடுகிற நவநீதனும் அப்படித்தான் நினைத்தான். நவநீதன் ஒல்லிப்பிச்சான். ஆடிக்காற்றில் அவன் சைக்கிளில் போனால் சைக்கிள்தான் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று உரக்கடையில் சிரிப்பார்கள். அப்பா அம்மா போனபின் அக்கா தெய்வானைதான் அவனுக்கு எல்லாம். அவள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோது பீரோ, கட்டில், பித்தளை அண்டாவோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள், அவள் புருஷன் குழந்தைவேல் பீரோவைப் பார்த்து "இதை எங்க வெக்கறது?" என்று கேட்டாரே தவிர, தம்பியைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைப் போடச் சொன்னார்.

குழந்தைவேல் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பெயர்தான் குழந்தை, தோள் இரண்டும் கோயில் கதவு மாதிரி இருக்கும். பிடரிக்குக் கீழே மூட்டை உட்கார்கிற இடத்தில் தோல் தடித்து, காய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று மஞ்சள் பூத்துக் கிடக்கும். சின்ன வயதில் அவருடைய சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் நவநீதன் பார்த்தது சாலையை அல்ல, அந்த முதுகைத்தான். எனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. ஆசை வளர்ந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, பங்குனித் திருவிழாவில் நடக்கிற ஆணழகன் போட்டியில் மேடையேற வேண்டும் என்று ஆனது. ஆனால் எத்தனை முட்டை தின்றும், எத்தனை இரும்பைத் தூக்கியும் அவன் உடம்பு மட்டும் ஏறவே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் செல்லில் அந்த விளம்பரம் வந்தது. மல்லபுஷ்டி. முதல் டப்பா இலவசம், தபால் செலவும் எங்களுடையது, பெயரும் முகவரியும் ஒரு செல் நம்பரும் கொடுத்தால் போதும் என்றது. பெயரை எழுதினான், முகவரியை எழுதினான், நம்பர் என்று கேட்ட இடத்தில் அவன் விரல் தானாகவே மச்சானுடைய நம்பரை அடித்தது. மச்சானிடம் இருப்பது பட்டன் போன், அவர் எங்கே இதையெல்லாம் பார்க்கப்போகிறார் என்று நினைத்தான். அதைக்கூட நினைத்தானோ என்னவோ.

டப்பா வந்தது. தெய்வானை மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்றா தம்பி, இது பொட்டுக்கடலை மாவுல சக்கரை போட்டாட்ட இருக்குது" என்றாள். அவள் நாக்கு பொய் சொல்லாது. ஆனாலும் அதைப் பாலில் கலக்கிக் குடித்த நாளிலிருந்து நவநீதனுக்குத் தோள் விரிந்தது, புஜம் உருண்டது, சட்டைக் கை இறுகித் தையல் விட்டது. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். அவன் சொன்னான். அவர்களும் டப்பா வரவழைத்தார்கள், அவர்களைப் பார்த்து இட்லிக் கடைக்காரரின் மகனும், அவனைப் பார்த்து வங்கிக் குமாஸ்தாவும் வரவழைத்தார்கள். எல்லோரும் பெயர் கொடுத்தார்கள், முகவரி கொடுத்தார்கள், நம்பர் என்று கேட்ட இடத்தில் வழக்கம்போல அடுத்தவர் நம்பரைக் கொடுத்தார்கள்.

சதை அந்த அடுத்தவர்களிடமிருந்துதான் வந்தது.

இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல நொச்சிவலசில் ஆள் கிடையாது. எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். தையற்காரர் ஒரே சட்டையின் கையை ஒருவருக்குப் பிடித்தும் இன்னொருவருக்குப் பிரித்தும் தைத்துச் சலித்துப்போனார். கரும்புச்சாறு விற்கிறவர் தன் கெண்டைக்காலில் இருந்த நாய்க்கடித் தழும்பைக் குமாஸ்தாவின் காலில் அடையாளம் கண்டுகொண்டார். இருவரும் பேசி, குமாஸ்தா தினமும் சாயந்தரம் வங்கியை அடைத்ததும் வந்து கரும்பு மிஷினைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவதென்று முடிவானது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "உடம்பு சொந்தமுங்களா, இல்ல எடுத்ததுங்களா?" என்று அடுத்ததாகக் கேட்கப் பழகினார்கள். சதை போகிறதே, தொப்பையை மட்டும் ஒருத்தனும் எடுத்துக்கொள்ள மாட்டேனென்கிறானே என்பதுதான் நடுவயதுக்காரர்களின் ஒரே வருத்தம்.

கடைசியில் மண்டிக்காரர்கள் தங்கள் வழியில் இதைத் தீர்த்துவைத்தார்கள். எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. லாரி எடைமேடை திறந்த நாளில் விளையாட்டாக ஊரையே ஏற்றி நிறுத்தி, வந்த எடையைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது மறுபடியும் எல்லோரையும் ஏற்றினார்கள். இடையில் செத்தவர்களைக் கழித்து, பிறந்தவர்களைக் கூட்டிப் பார்த்தால் அரைக் கிலோகூட வித்தியாசம் இல்லை. மண்டிச் சங்கத் தலைவர் சென்னியப்பன் மேடைமேல் நின்றபடியே சொன்னார்: "ஊருச் சரக்கு ஊருக்குள்ளயேதான் இருக்குது. கை மாறியிருக்குது, அவ்வளவுதான். ஒண்ணும் நட்டமில்ல, எல்லாரும் எறங்குங்க." எல்லோரும் இறங்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இறங்கத் தடுமாறிய குழந்தைவேலை நவநீதன் கை கொடுத்து இறக்கிவிட்டான். மச்சானுடைய கை அவன் கைக்குள் முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

அந்த நொடியில்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். பிடரிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் காய்த்திருந்தது. ஒரு நாளும் மூட்டை தூக்காத அவன் முதுகில் அது மஞ்சள் பூத்து இருந்தது.

அன்றிலிருந்து அவன் டப்பாவைத் தொடவில்லை. காலர் வைத்த சட்டையாகப் போட்டான், வெயிலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றினான், சாப்பிட உட்கார்ந்தால் மச்சானுக்கு எதிரே உட்காராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அக்கா தினமும் ஆட்டுக்கால் சூப்பு வைத்து, "குடிங்க, ஒரு வாய் குடிங்க" என்று புருஷனிடம் கெஞ்சுவாள். அவர் குடிப்பார். குடித்த சூப்பெல்லாம் தன் தோளில் வந்து சேர்வதை நவநீதன் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தான். குடிப்பதை நிறுத்தினாலும் சதை வருவது நிற்கவில்லை, டப்பா வருவதும் நிற்கவில்லை. வந்த டப்பாக்களை வீணாக்குவானேன் என்று தெய்வானை நெய் விட்டு உருண்டை பிடித்துத் தன் பிள்ளைகள் இரண்டுக்கும் கொடுத்தாள். மாமா வாங்கிய உருண்டை என்று அவை ஆசை ஆசையாகத் தின்றன.

தாங்கமுடியாமல் ஒரு நாள் உரக்கடையின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் நின்று டப்பாவிலிருந்த நம்பருக்குப் பேசினான். ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது.

"நிறுத்திடலாங்க சார். யார் உடம்புலேர்ந்து போகுதோ அவங்க வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க சார்."

"நான் குடிக்கறதையே உட்டுட்டனுங்க."

"குடிக்கறதும் குடிக்காததும் உங்க இஷ்டம் சார். அது வெறும் பொட்டுக்கடலை மாவுதானுங்களே."

"அப்பறம் இலவசம்னு போட்டிருந்தீங்க?"

"உங்களுக்கு இலவசந்தானுங்களே சார். நீங்க ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அவன் செல்லை அணைத்துப் பையில் போட்டான்.

மச்சானிடம் சொல்லிவிட வேண்டியதுதான். 'மச்சான், நான்தான், உங்கள் நம்பரை நான்தான் கொடுத்தேன், ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.' இவ்வளவுதான் சொல்லவேண்டியது. காலையில் சொல்லலாம் என்று படுத்தான், சாயந்தரம் சொல்லலாம் என்று எழுந்தான். அவன் மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது, அதை நான் மறைத்துச் சொன்னால் கதை பொய்யாகிவிடும்: போட்டி முடியட்டும் என்று அவன் நினைத்தான். இன்னும் கொஞ்ச நாள்தானே, மேடையேறி இறங்கிவிட்டு அதே காலோடு போய் மச்சான் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தான். அதை நினைத்ததற்காகத் தன்னையே அருவருத்தான். அருவருத்துக்கொண்டே தினமும் இரும்பைத் தூக்கினான்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை தெய்வானை அவனை மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தலையில் வைத்து, கழுத்துக்கு வழித்து, தோளுக்கு இறங்கிய அவள் கை பிடரிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. வாரம் தவறாமல் சனிக்கிழமைகளில் அவள் எண்ணெய் தேய்த்துப் பழகிய காய்ப்பு அது. அவள் விரலுக்குத் தெரியாதா? நவநீதன் குனிந்தபடி, அடிக்கட்டும், இப்போதே அடித்துவிடட்டும் என்று காத்திருந்தான். அவள் கை மறுபடியும் நகர்ந்தது, அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தது.

"நெம்பத்தான் வளந்துட்டே சாமி" என்றாள். சீயக்காய் கரைக்க எழுந்து போனாள்.

போட்டியில் அவனுக்கு இரண்டாம் பரிசு. எண்ணெய் மினுங்க மேடையில் நின்று கையை மடக்கிக் காட்டினான், காலைக் காட்டினான். முதுகைக் காட்டச் சொன்னபோது தயங்கித் தயங்கித் திரும்பினான். கூட்டத்தில் மண்டி ஆட்கள் இருந்த பக்கம் சட்டென்று பேச்சு அடங்கியது. பிறகு யாரோ ஒருவன், "அது மண்டி முதுகுடா!" என்று கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள், தங்கள் ஊர்ச் சரக்கு நல்ல விலைக்குப் போனதைப் பார்க்கிற மகிழ்ச்சி அவர்களுக்கு. முன்வரிசையில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டு குழந்தைவேலும் சிரித்துக் கை தட்டினார். தட்டுகிற கையில் வளையல் போட்டால் நழுவி விழுந்துவிடும், அப்படி இருந்தது கை. மேடையிலிருந்து இறங்கியதும் காலில் விழவேண்டும் என்று வைத்திருந்தவன், மச்சான் ஓடிவந்து மாலை போட்டபோது மாலையை வாங்கிக்கொண்டு நின்றான். சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் மண்டியில் லாரிக்குச் சரக்கு ஏற்றும்போது, சாய்வுப் பலகையில் பாதி ஏறிய குழந்தைவேல் கால் மடங்கி விழுந்தார். மூட்டை அவர்மேல் விழுந்து வாய் பிரிந்து, தலையிலிருந்து கால்வரை மஞ்சளுக்குள் கிடந்தார். எலும்பு முறியவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். கூட இருந்தவர்கள் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆளுக்கு ஆள் பேசிக்கொள்ளாமலேயே ஒரு முடிவுக்கு வந்து, அவர் கையில் கோணி ஊசியும் சணலும் கொடுத்தார்கள். மூட்டை வாய் தைக்கிற வேலை. பல் போன கிழவர்கள் செய்கிற வேலை. அவர் அதை வாங்கி, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, ஊசியில் சணலைக் கோத்தார்.

உரக்கடையில் செய்தி கேட்ட நவநீதன் அங்கேயே, பில் மேஜையிலேயே, செல்லை எடுத்து மல்லபுஷ்டிக்குப் பேசினான். மச்சானிடம் சொல்வதற்கு அப்போதும் தைரியம் வரவில்லை. சொல்லாமலேயே எடுத்ததைச் சொல்லாமலேயே திருப்பிவிடலாம் என்று ஒரு வழி தோன்றியது. குழந்தைவேல் என்ற பெயருக்கு ஓர் இலவச டப்பா வேண்டும் என்றான். நம்பர் கேட்டார்கள். தன்னுடைய நம்பரைச் சொன்னான். நொச்சிவலசுக்காரன் ஒருவன் கேட்ட இடத்தில் தன் சொந்த நம்பரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது நாக்கு ஒவ்வோர் எண்ணிலும் இடறியது.

"இதுலேர்ந்து இனிமே நீங்க குடுக்கறவர் சார்" என்றது தேன் குரல். "குடுக்கறவர் வாங்கறவராவும் இருக்க முடியாதுங்க. உங்க பழைய டப்பா தன்னால நின்னுடும்."

நிம்மதியாக இருந்தது. அன்று சாயந்தரமே சட்டைக் கை கொஞ்சம் தளர்ந்த மாதிரிகூட இருந்தது. மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவார், நான் கொஞ்சம் கொஞ்சமாக இளைப்பேன், சூப்பு வேலை செய்தது என்று அக்கா நினைத்துக்கொள்வாள், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று அவன் கணக்குப் போட்டான். அவனுக்கு நல்ல பசி எடுத்தது, ராத்திரி மச்சானுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல் அடித்தது. தெரியாத நம்பர். பழக்க தோஷத்தில் துண்டிக்கப் போன விரல் எதனாலோ நின்றது. எடுத்தான். அதே குரல், இந்த முறை முன்கூட்டியே பதிந்து வைத்தது போல ஒரே சீராக, தெள்ளத் தெளிவான தமிழில் சொன்னது:

"வணக்கம். நொச்சிவலசைச் சேர்ந்த குழந்தைவேல் என்பவர் உங்கள் தோளிலிருந்து சதை எடுத்துக்கொள்கிறார். இந்த வாரமும் தொடரலாமா? தொடரலாம் என்றால் 'சரி' என்று சொல்லுங்கள். இல்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்."

"சரி" என்றான் நவநீதன். குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

செல்லைச் சட்டைப் பையில் போட்டபிறகுதான் அவனுக்கு உறைத்தது. கடை நடுவில் அப்படியே நின்றான். முதலாளி என்ன ஏதென்று கேட்டது காதில் விழவில்லை. ஊரில் மற்றவர்கள் துண்டித்திருப்பார்கள், சரி. மச்சான்? மச்சானுக்கும் இந்த அழைப்பு வந்திருக்கும். இதே குரலில், இதே தமிழில், ஊர்ப் பெயரோடு, நவநீதன் என்கிற பெயரோடு.

வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் மண்டிக்கு நடந்தான். தார் சுட்டது. குழந்தைவேல் கொட்டகை ஓரத்தில் மூட்டைமேல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார், இவனைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த கோணியைத் தட்டிப் போட்டு, "உக்காரு மாப்ளே, சோறுண்டயா?" என்றார்.

அவன் உட்காரவில்லை. "மச்சான், உங்க போனுக்கு வெள்ளிக்கெழமைல ஏதாச்சும் வந்துதுங்களா?"

அவர் ஊசியை இழுத்தார், சணலை இறுக்கினார்.

"வரும். ஒரு பொம்பளப் புள்ள பேசும்."

"முழுசாக் கேட்டீங்களா?"

"பேசற புள்ளையப் பாதில எப்பிடி வெக்கறது?"

"என்ற பேரச் சொல்லுச்சுங்களா?"

"சொல்லுச்சு."

"மொத வாரத்துலேர்ந்தா?"

"ஆமா."

இத்தனை நாளும் காலரும் துண்டும் சுற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவன் மறைத்ததெல்லாம், முதல் வாரமே பெயரோடு கேட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்து சோறு தின்ற மனிதரிடம். திருடினேன் என்று சொல்லி அழலாம் என்றால், அதற்கும் இப்போது வழி இல்லை.

"நீங்க என்னங் மச்சான் சொன்னீங்க?"

குழந்தைவேல் சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"இப்ப உனக்குப் போன் வந்துதாக்கும்? நீ என்ன சொல்லிப்போட்டு வந்தே?"

"சரின்னு சொன்னனுங்க."

"நானும் அதையேதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையை இழுக்க முடியாமல் இழுத்தார். நவநீதன் குனிந்து அதைத் தூக்கி அவர் முன்னால் வைத்தான். அது கனக்கவே இல்லை.